அப்பா வந்தால்தான் போன் வரும்!

மதியம் மூன்று மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் விழுகிறது. 'நாளைக்கு அறிவியல் பாடத்துக்கு சார்ட் பேப்பர், கலர் பென்சில் கொண்டு வரவும்.' கூடவே, கரும்பலகையைப் படமெடுத்து இரண்டு போட்டோக்கள். மெசேஜ் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால், சேர்ந்த போன் பிள்ளையின் கையில் இல்லை. அது காசிமேட்டில் மீன் பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருக்கும் அப்பாவின் சட்டைப் பையிலோ, துறைமுக கேட்டில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியிலோ இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா வந்து, சாப்பிட்டு, போனை சார்ஜில் போட்ட பிறகுதான் பிள்ளைக்கு விஷயமே தெரியும். சார்ட் பேப்பர் கடைக்காரர் அதற்குள் ஷட்டரை இறக்கிவிட்டார். மறுநாள் வகுப்பில், 'குரூப்ல போட்டேனே, பாக்கலையா?'

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துச் சந்துகளில் இது யாருக்கும் புதுக்கதை இல்லை. வீட்டுக்கு ஒரு போன். அதுவும் சம்பாதிக்கிறவர் கையில். அவருக்கு அது போன் மட்டுமல்ல. லோடு எப்போது என்று சொல்வதும் அதுதான், கூலி வந்து விழுவதும் அதில்தான். பிள்ளை படிக்கட்டும் என்று வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அன்றைய பிழைப்பு போச்சு.

'இப்போ யார் வீட்டுல ஸ்மார்ட்போன் இல்லை?' என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். வீட்டில் போன் இருப்பது ஒன்று, பிள்ளைக்கு அது கிடைப்பது வேறு. கொரோனா காலத்தில் இந்தியா முழுக்கக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 'அசர் 2021' ஆய்வில் இது பளிச்சென்று தெரிந்தது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவை 2018-ல் 36.5 சதவிகிதம். 2021-ல் அது 67.6 சதவிகிதமாக எகிறியது. மூன்றே வருடத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! ஆனால், போன் இருந்த வீடுகளிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு அது கையில் கிடைக்கவில்லை.

அந்த நாள்கள் ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திரும்பத் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கும் மேல். ஒன்றாம் வகுப்பில் பாதி எழுத்து கற்றுக்கொண்டிருந்த குழந்தை, திரும்பப் பள்ளிக்கு வந்தபோது மூன்றாம் வகுப்பு.

அப்போது கைகொடுக்க ஏற்கெனவே ஒன்று தயாராக இருந்தது. 2019 ஆகஸ்ட் 26-ம் தேதி தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி. அரசு கேபிளில் 200-வது சேனல். போன் இல்லாத வீட்டிலும் இலவச டி.வி. இருந்ததால், பாடம் வீட்டுக்குள் வந்தது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் டி.வி-க்கு ஒரு குணம் உண்டு. அது யாருக்காகவும் காத்திருக்காது. பின்னப் பெருக்கல் ஓடும் அரைமணி நேரத்தில் கரன்ட் போனாலோ, தம்பிக்குப் பால் வாங்கக் கடைக்கு அனுப்பினாலோ அந்தப் பாடம் போனதுதான். புரியாத இடத்தில் கை தூக்கினால் டி.வி-யில் இருக்கும் டீச்சர் திரும்பிப் பார்க்க மாட்டார். யூடியூபிலும் அந்த வீடியோக்களைப் போட்டார்கள். அதற்குத் திரும்பவும் போன் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

சரி, எதுதான் எடுபட்டது?

2021 அக்டோபர் 27-ம் தேதி விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. அக்கம்பக்கத்திலேயே இருக்கும் படித்த அக்காக்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம் போல தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. இதில் தொழில்நுட்பம் எங்கே என்று கேட்கிறீர்களா? தன்னார்வலர்கள் சேர்ந்ததே இணையதளம் வழியாகத்தான். லட்சக்கணக்கானவர்களை வேறு எப்படித் தேடிப் பிடிப்பது? இணையம் ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, சொல்லிக்கொடுத்தது ஆள்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவுக்கு முன் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட, 2021 டிசம்பரில் இந்தப் பிள்ளைகள் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. பாயில் உட்கார்ந்து படித்த ஒன்றரை மணி நேரத்துக்கு இவ்வளவு பலன்.

ஆக, வீட்டில் ஒரே போன் என்றால், அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற தொழில்நுட்பம் எது? பிள்ளைக்குப் போன் கிடைக்கும் நேரம் வரை காத்திருக்கிற ஒன்று. அது ஏற்கெனவே பிள்ளையின் பையில்தான் இருக்கிறது.

கல்மண்டபம் மார்க்கெட்டில் கீரைக்காரம்மா முதல் டீக்கடை வரை க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. அதை ஸ்கேன் பண்ணத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலும் அச்சாகி வந்தது. அதைப் படம் என்று நினைத்து கலர் அடித்த குழந்தைகளும் உண்டு! 'திக்‌ஷா' செயலியைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினால், அந்தப் பாடத்துக்கான வீடியோக்கள் வரும். கேமரா உடைந்த போனா? கட்டத்தின் கீழே ஆறு எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு குறியீடு இருக்கும், அதைத் தட்டினால் போதும். முக்கியமான விஷயம் இதுதான்: வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை டேட்டா செலவு, அப்புறம் நெட் இல்லாமல் பத்துமுறை பார்க்கலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 'மணற்கேணி' செயலி 2023 ஜூலையில் வந்தது. தோண்டத் தோண்ட ஊறும் அந்தக் கேணி, திருக்குறளில் கல்விக்குச் சொன்ன உவமை. பாடங்களைச் சின்னச் சின்ன வீடியோக்களாகப் பிரித்துக் கொடுப்பதால், அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் ஒன்றைப் பார்த்து முடித்துவிடலாம்.

மெமரி ஃபுல் என்று காட்டுகிறதா? குடும்ப குரூப்பில் வந்த குட்மார்னிங் ரோஜாப்பூக்களை அழியுங்கள். ஒரு பருவத்துக் கணக்குப் பாடத்துக்கே இடம் கிடைக்கும்.

மீன்பிடித் துறைமுகத்தை நம்பியிருக்கும் வீடுகளுக்கு இன்னொரு சங்கடம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்பா வீட்டில், போனும் வீட்டில். ஆனால் அப்போது பள்ளிக்கு லீவு! வருமானமும் இல்லாததால் ரீசார்ஜே கஷ்டம். பள்ளி திறந்து புத்தகம் கைக்கு வந்த கையோடு படகும் கிளம்பிவிடும். பழைய மாணவர்களிடம் அடுத்த வகுப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அந்த லீவிலேயே இரண்டு மூன்று பாடங்களை இறக்கி வைக்கும் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை.

ஆசிரியர்களிடமும் ஒரு வார்த்தை. நாளைக்கு வேண்டிய பொருளை இன்று மதியம் குரூப்பில் போடுவதைவிட, வகுப்பு முடியும்போது டைரியில் எழுதச் சொல்வது ஒருபோன் வீட்டுக்குப் பேருதவி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மாக்களுக்கு டைப் செய்த பத்து வரியைவிட, ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் மேல். 'குரூப்பில் போட்டேன்' என்பதை 'பிள்ளை பார்த்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு திட்டினால், அடி வாங்குவது அந்த வீட்டின் வருமானத்துக்குப் பிள்ளைதான்.

பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியேயும் வழி திறக்கிறது. 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த 'முதல்வர் படைப்பகம்' போல, உட்கார்ந்து படிக்க மேசையும் இணையமும் உள்ள இடங்கள் வடசென்னைக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் கல்மண்டபத்தில் நான்காம் வகுப்புப் படிக்கும் குழந்தையால் தனியாக கொளத்தூருக்கு பஸ் ஏற முடியாது. அதற்கு நடந்து போகும் தூரத்தில் ஆள் வேண்டும்.

உங்கள் தெருவில் காலேஜ் படிக்கும் பெண்ணோ பையனோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். மாலை ஆறரை முதல் ஏழரை வரை, மொட்டை மாடியில் ஒரு பாய், அவர்கள் போனில் இறக்கி வைத்த ஒரு வீடியோ, சுற்றி ஐந்தாறு பிள்ளைகள். ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, 'என்ன புரிஞ்சுது?' என்று கேட்டால் போதும். அன்று வாட்ஸ்அப்பில் டீச்சர் என்ன அனுப்பினார் என்பதையும் அங்கேயே ஒருமுறை வாசித்துவிடட்டும். சார்ட் பேப்பர் கடை அந்நேரம் திறந்துதான் இருக்கும்.