முதற்பந்தியும் ஆறாமவரும்

அமெரிக்கக் கூடைப்பந்து அரங்குகளில் ஆட்டம் தொடங்குமுன் விளக்குகளை அணைத்து, களமிறங்கும் ஐவரின் பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து அறிவிப்பார்கள். நம் கல்யாண வீடுகளில் முதற்பந்தியில் அமர்வதற்கு உள்ள மதிப்பை ஒத்தது அது. இலையில் விழும் பண்டம் எல்லாப் பந்திக்கும் ஒன்றுதான். ஆயினும் முதற்பந்தியிலிருந்து எழுப்பி அடுத்த பந்திக்கு அனுப்பப்பட்டவர் அதை எளிதில் மறப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் ஒரு பயிற்சியாளர் எடுக்கவேண்டிய முடிவுகளில் மிகக் கடினமானது இந்தப் பந்தி வரிசையே என்று எனக்குத் தோன்றுகிறது.

கணக்கு எளிதானது. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடங்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஐவர். ஆக ஒரு அணிக்குக் கையிருப்பு 240 ஆள்-நிமிடங்கள். அவற்றை எட்டு அல்லது ஒன்பது அல்லது பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிப்பதே சுழற்சிமுறை. தொடங்கும் ஐவர் என்பது அந்தப் பகிர்வின் முதற்பக்கம் மட்டுமே. ஆட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் நடுப்பக்கங்களில், முதல் ஐவர் இளைப்பாற அமரும் நிமிடங்களில், எழுதப்படுகிறது. இவ்வுண்மையை வெகு முன்பே உணர்ந்தவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் ரெட் அவர்பாக். ஃபிராங்க் ராம்ஸியையும், பின்னர் ஜான் ஹாவ்லிசெக்கையும் தொடக்கத்தில் அமரவைத்து, எதிரணி களைக்கும் வேளையில் இறக்கினார். ‘ஆறாமவர்’ என்பது அவ்வாறே ஒரு தனிப்பொறுப்பாயிற்று.

இவ்வகை முடிவுகளில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப்பார்ப்பது 2014ஆம் ஆண்டின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை. முந்தைய பருவத்தில் 51 ஆட்டங்களை வென்ற அணி அது. புதிய பயிற்சியாளராக வந்த ஸ்டீவ் கெர், பருவம் தொடங்குமுன் ஆண்ட்ரே இக்வடாலாவை முதல் ஐவரிலிருந்து விலக்கி, மூன்றாம் பருவத்தில் நுழையும் ஹாரிசன் பார்ன்ஸை அவ்விடத்தில் நிறுத்தினார். இக்வடாலா சாதாரண ஆட்டக்காரர் அல்லர். 2012இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அதுவரை தாம் ஆடிய 758 வழக்கமான பருவ ஆட்டங்களிலும் தொடக்கத்திலேயே களமிறங்கியவர். காரணம் அவருடைய திறக்குறைவு அன்று. இரண்டாம் அணியோடு ஆடும்போது பார்ன்ஸ் சோர்ந்துபோனார். ஸ்டீபன் கரியும் கிளே தாம்ஸனும் எதிரிகளின் கவனத்தை ஈர்க்கும்போது அவருக்கு இடம் கிடைத்தது. இக்வடாலாவோ எவரோடு சேர்ந்தாலும் அவர்களை ஆட்டுவிக்க வல்லவர். வல்லவனை வலுக்குறைந்த இடத்தில் வைப்பது என்பதே கெரின் கணக்கு.

பின்னர் நடந்ததைப் பலர் அறிவர். 67 வெற்றிகள். இறுதித்தொடரில் கிளீவ்லாந்துக்கு எதிராக 1-2 எனப் பின்தங்கிய நிலையில், நான்காம் ஆட்டத்தில் நெடியவரான ஆண்ட்ரூ போகட்டை அமரவைத்து இக்வடாலாவைத் தொடக்கத்தில் இறக்கினார் கெர். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று 40 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையை அடைந்தது அணி. அப்பருவத்தின் வழக்கமான ஆட்டம் ஒன்றில்கூடத் தொடக்கத்தில் இறங்காத இக்வடாலாவே இறுதித்தொடரின் சிறந்த ஆட்டக்காரர்.

இக்கதையைத் ‘தியாகம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோப்பை கிடைத்திராவிட்டால் அதே முடிவை அவமதிப்பு என்றிருப்போம். ஒரு முடிவின் நியாயத்தை அதன் விளைவைக் கொண்டு மட்டும் அளப்பது சரியன்று. யாரிடம் எதைக் கேட்டார்கள், அவரால் அதைத் தாங்க முடிந்ததா என்பதே கேள்வி. இக்வடாலா 2013இல் நான்காண்டுகளுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்தவர். எந்தப் பந்தியில் அமர்ந்தாலும் அந்த ஊதியம் குறையாது. அவர் கொடுத்தது கௌரவத்தை, வாழ்வாதாரத்தை அன்று. அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா என்று தெரியாத இளைஞனிடம் இதையே கேட்டால், அவன் இழப்பது தன் திறனைக் காட்டுவதற்கான நிமிடங்களை, அதன்வழி எதிர்காலத்தை. ஆகவே விட்டுக்கொடுக்குமாறு முதலில் கேட்கவேண்டியது வலுவுள்ளவரிடம். பெரும்பாலான நிறுவனங்களில் இது தலைகீழாக நடப்பதை வாசகர்கள் தத்தம் பணியிடங்களில் கண்டிருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. அதே பருவத்தின் தொடக்கத்தில் தொடைத்தசைக் காயத்தால் டேவிட் லீ விலக நேர்ந்தது. அணியிலேயே அதிக ஊதியம் பெற்றவர் அவர். அவருக்கு மாற்றாக வந்த டிரேமண்ட் கிரீன் 2012இல் 35ஆவது ஆளாகத் தேர்வானவர். வந்த இடத்தை விடவேயில்லை. உடல் தேறித் திரும்பிய லீக்குப் பழைய இடம் இல்லை. 2015 கோடையில் பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். அவரும் முணுமுணுக்காமல் அமர்ந்திருந்தவரே. அவரை யாரும் தியாகி என்று பாடுவதில்லை. 2009இல் மெம்பிஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராக இறங்க மனமொப்பாமல் மூன்றே ஆட்டங்களில் வெளியேறிய ஆலன் ஐவர்சனைச் செருக்கர் என்று பழிப்பதும் எனக்கு உவப்பானதன்று. ஒருவர் தம்மைப் பற்றி வாழ்நாளெல்லாம் கொண்டிருந்த எண்ணத்தை ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ளச் சொல்வது சிறிய கோரிக்கை அல்ல.

தும்பைத் திணையில், உடைந்த படையின் பின்னணியாகிய கூழையைத் தனித்து நின்று தாங்குபவனுக்கும் ஒரு துறை வகுத்தது தொல்காப்பியம். முன்னணியில் நிற்பவனுக்கு மட்டுமே புகழ் என்று அது கருதவில்லை. பயிற்சியாளர் செய்யவேண்டியதும் அதுவே: பின்னிருப்பவருக்கும் பெயருள்ள ஒரு பொறுப்பைத் தருவது, காரணத்தை நேரில் சொல்வது, நிமிடங்களைக் குறையாமல் கொடுப்பது. இக்வடாலா அப்பருவத்தில் சராசரியாக 27 நிமிடங்கள் ஆடினார். அந்த நிமிடங்கள் இல்லையேல் இறுதித்தொடரில் அழைப்பு வந்தபோது அவர் ஆயத்தமாக இருந்திருக்க முடியாது. தாமும் ஆட்டக்காரராகப் பெரும்பாலும் மாற்றாளாகவே இறங்கி ஐந்து கோப்பைகளைக் கண்ட கெருக்கு, காத்திருப்பவரின் மனம் தெரிந்திருந்தது. அந்த அறிவு இல்லாதவர்கள் பந்தி வரிசை எழுதும்போதுதான் நாம் அஞ்சவேண்டும்.