250 சதவீதம் யாருக்கு?

நிறுவனத்தின் கலாச்சாரத்தை மாற்றினால் உற்பத்தி பெருகும் என்பது இன்று மேலாண்மை வகுப்புகளில் ஓதப்படும் மந்திரம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. பெருகத்தான் செய்கிறது. பெருகியது எந்தப் பைக்குள் போகிறது என்பதில்தான் என் சண்டை.

பெங்களூரில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தின் ஐந்து ஆலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். 'கேப்' என்ற அமெரிக்க பிராண்டு வகுத்த பயிற்சி அது. பேசப் பழகுவது, நேரத்தைத் திட்டமிடுவது, மன அழுத்தத்தைச் சமாளிப்பது என்று சுமார் 80 மணி நேரம். அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, அனந்த் நிஷாதம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் பெண்களைத் தேர்ந்து, பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித் திறன் தெளிவாகவே கூடியிருந்தது. பயிற்சி முடிந்து ஒரு வருடம் ஆவதற்குள் நிறுவனம் போட்ட பணத்துக்கு நிகர ஆதாயம் ஏறத்தாழ 250 சதவீதம். அந்தப் பெண்களின் கூலி உயர்ந்தது அரை சதவீதம்.

நாலு பேர் முன்னால் எழுந்து பேசக் கற்றுக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. அதை நான் இளக்காரம் செய்யமாட்டேன். ஆனால் மணிக்கு இத்தனை பீஸ் என்ற டார்கெட்டை யார் குறிக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை அந்தச் சான்றிதழோடு வருவதில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விடுவாள் என்ற பயம் இருந்திருந்தால் முதலாளி கூலியைக் கூட்டியிருப்பார். பிள்ளையின் பள்ளிக்கூடம், கம்பெனி பஸ் வரும் வழி, வீட்டில் கேட்க வேண்டிய அனுமதி எல்லாம் அவளை எங்கும் போகவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

கலாச்சாரம் என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்? நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பதையா? டார்கெட் முடிக்காத டெய்லரை லைன் முழுக்கக் கேட்கும்படி சூப்பர்வைசர் எப்படிக் கூப்பிடுகிறார், பாத்ரூம் போய்வர எத்தனை நிமிடம் விடுகிறார், எந்தத் தெருவிலிருந்து வருகிறவளிடம் அவர் கை நீள்கிறது, இவைதான் அங்கே கலாச்சாரம். வயதில் இளையவரையும் 'வாங்க, போங்க' என்று அழைக்கிற கொங்குப் பேச்சு, கம்பெனி கேட்டைத் தாண்டியதும் 'ஏய், வாடி' ஆகிவிடுகிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில்கூட உள்ளகப் புகார்க் குழு வைத்தாக வேண்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அங்கே தொல்லை இருந்ததென்று உடன் வேலை பார்த்த பெண்கள் பிறகு வெளியே வந்து சொன்னார்கள்.

அந்த ஆலைக்கு மாற்றம் பயிற்சி வகுப்பாக வரவில்லை. பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, பேரம் பேசி, 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். பாலினத்தோடு சாதியையும் புலம்பெயர்ந்து வந்தவர்கள் என்ற பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடை செய்தது. லைனில் தைக்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை அமர்த்தியது. புகார் சொன்னவர்களைப் பழிவாங்கக் கூடாது என்றது. எச்&எம், கேப், பிவிஎச் பிராண்டுகளும் கையெழுத்திட்டன. ஆலை பேச்சு மாறினால் அவர்கள் ஆர்டரில் கை வைக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். அறிவுரைக்கு அசையாத நிர்வாகமும் ஆர்டருக்கு அசையும்.

இதனால் உற்பத்தி கூடியதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே ஆகாது. உற்பத்தி குறைந்திருந்தால் என்ன செய்வீர்கள், பழைய சூப்பர்வைசரைத் திரும்பக் கூட்டிவருவீர்களா? கெட்ட வார்த்தை கேட்காமல் தைப்பதற்கு ஒரு பெண் லாபக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. கூடுதலாகத் தைத்தாள் என்றால் அந்தக் கணக்கை அவளுடைய சம்பளச் சீட்டில் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை எச்.ஆர். நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். கலாச்சார மாற்றத் திட்டம் என்று ஒரு கோப்பு உங்கள் மேசைக்கு வரும். கூலிக்கு அதில் என்ன ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் லைனில் தைக்கிற ஒரு பெண்கூட ஏன் இல்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.