வரைபடத்தில் வெறும் பச்சை: போக்கிமான் வேட்டையும் நோர்வூட்டும்

விளையாட்டைப் பற்றிச் சங்கத்தின் ஆண்டிதழில் எழுதுவது தாளுக்கும் மைக்கும் கேடு என்று கருதுவோர் விரிவுரையாளர் மத்தியிலும் உளர். மாணவர் மத்தியிலும் உளர். உவகையென்னும் மெய்ப்பாடு பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தவர் தொல்காப்பியர். அவரை நாளும் மேற்கோள் காட்டுபவர்கள் இவ்வாறு கருதுவதுதான் விந்தை.

2016ஆம் ஆண்டு யூலையில் உலகைப் பற்றிக்கொண்ட ‘போக்கிமான் கோ’ என்னும் கைத்தொலைபேசி விளையாட்டையும், அதுபற்றி நம்மவர் கொண்ட மனப்பாங்குகளையுமே இங்கு எடுத்துக்கொள்கின்றேன். மோகம் தணிந்துவிட்ட பொருளை இப்போது ஏன் கிளற வேண்டும் எனலாம். மோகம் தணிந்தது, மனப்பாங்குகள் தணியவில்லை. அடுத்த விளையாட்டு வரும்போதும் இதே இரு கட்சிகள் இதே சொற்களோடு எழுந்து நிற்கும்.

யப்பானியரான சத்தோஷி தஜிரி சிறு பராயத்திற் பூச்சி பிடித்துச் சேர்த்து மகிழ்ந்தவர். தாம் வளர்ந்த புறநகர் கட்டடக் காடாகிப் பூச்சிகள் அருகிய பின், அவ்வின்பத்தைக் கையடக்க விளையாட்டுக் கருவிக்குட் கொண்டுவர விரும்பினார். 1996இல் வெளிவந்த போக்கிமான் அவ்வாறு பிறந்தது. தீப்பெட்டிக்குள் பொன்வண்டை அடைத்து வைத்திருந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அந்த வேட்டை கருவியை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஆடுபவர் நிற்கும் இடத்தைச் செய்மதியின் துணையால் தொலைபேசி அறிந்துகொள்ளும். உண்மையான வீதியே திரையில் ஆடுகளமாகும். விசித்திரப் பிராணிகள் அங்கங்கே தோன்றும். அவற்றைப் பிடிக்க நடந்தே ஆகவேண்டும். பெற்ற முட்டை பொரிப்பதற்கும் தொடக்கத்தில் 2, 5 அல்லது 10 கிலோமீற்றர் நடந்து காட்ட வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பருக்குள் ஐம்பது கோடி தடவைகள் அது பதிவிறக்கப்பட்டது. இந்தியா, இலங்கை முதலிய தெற்காசிய நாடுகளில் முறைப்படி வெளியானது டிசெம்பரிலேதான் எனினும், பொறுமையற்றோர் அதற்கு முன்னரே வேறு வழிகளால் இறக்கி ஆடத் தொடங்கிவிட்டனர்.

எதிர்ப்பும் உடன் எழுந்தது. ஈரான் 2016 ஓகஸ்டில் தடை விதித்தது. சவூதி அரேபியாவில் 2001இல் போக்கிமானுக்கு எதிராகப் பிறந்த மதத்தீர்ப்பு மறுபடி எடுத்துப் பேசப்பட்டது. வழிபாட்டிடங்களிலே முட்டை தோன்றுகின்றது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. ஹிரோஷிமா நினைவுப் பூங்காவும் அவுஷ்விற்ஸ் நினைவகமும் தம் வளாகங்களை ஆட்டத்திலிருந்து நீக்குமாறு கேட்டன. அவர்கள் கேட்டது முற்றும் நியாயமே. யப்பானில் ஆடிக்கொண்டே பாரவூர்தி ஓட்டிய ஒருவரால் வீதியில் ஓர் உயிர் போயிற்று. இத்தகைய கேடுகளை மறுத்து நான் வாதாட வரவில்லை.

நம் நாட்டில், குறிப்பாக மலையகம் பற்றிப் பேசுவோர் மத்தியில், இவ்விளையாட்டின் பேரால் எழுந்த கண்டனக் குரலே இவ்வெழுத்துக்குக் காரணம். ‘தோட்டத்துப் பொடியன் கையில் தொலைபேசி வந்ததும் கெட்டான்’ என்பது இவர்களது பல்லவி. கொழும்பிலே, காலி முகத்திடலில், ஒரு மாணவன் திரையைப் பார்த்தவாறு உலாவினால் அது பொழுதுபோக்கு. அவனுடைய வகுப்புத் தோழன் விடுமுறைக்கு ஊர் சென்று, நோர்வூட் சந்தியிலோ மஸ்கெலியா வீதியோரத்துத் தேயிலை மலையடியிலோ அவ்வாறே நின்றால் அது சீரழிவு. ஒரே செயல், இரு தீர்ப்புகள். ஆகவே கண்டிக்கப்படுவது விளையாட்டன்று. ஓய்வாக நிற்கும் தோட்டத்து உடலே கண்டிக்கப்படுகின்றது.

இம்மனப்பாங்கு எங்கிருந்து வந்தது? பிரட்டுக்களத்தில் தொடங்கி மடுவத்துத் தராசில் முடிவது தோட்டத்து நாள். அங்கே ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். அரைநாள் வேலை ‘அரைப்பேர்’. கொழுந்து குறைந்தால் பேர் விழாது. மனிதனுடைய பேரையே வேலைநாளின் அளவையாக்கிய இந்த வழக்கைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: வேலை செய்யாத நாளில் ஒருவன் பேரில்லாதவன். இந்தக் கணக்கைத் துரையும் கணக்கப்பிள்ளையும் ஏட்டில் எழுதினார்கள். நாமோ அதனை நம் ஒழுக்க நூலில் எழுதிக்கொண்டோம். லயத்துப் பிள்ளை படிக்க வேண்டும், அல்லது உழைக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று அவனுக்கு ஆகாது என்று படித்து மேலே வந்த மலையகத்தவரே முழங்குவது இதனாலேயே. இரவிரவாகப் பொட்டலில் ஆடப்படும் காமன் கூத்தையும் ஒரு காலத்தில் இவ்வாறு ஏளனம் செய்தவர்கள் உண்டு. இன்று அதே கூத்து ஆய்வேடுகளுக்குப் பொருளாகிவிட்டது. கூத்து மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, அலைவரிசை தேடி மேட்டிலும் பாறையிலும் ஏறி நின்ற மலையகச் சிறுவரைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போற்றின. பாடத்துக்காக ஏறினால் தியாகம்; அதே பாறையில் அதே பிள்ளை விளையாட்டுக்காக ஏறினால் வீண். பாறைக்கு மேலே ஏறாமல் வீட்டிலிருந்தே படிக்கவும் விளையாடவும் அப்பிள்ளைக்கு ஏன் வழியில்லை என்ற கேள்வியைப் போற்றியவரும் கேட்கவில்லை, தூற்றுபவரும் கேட்பதில்லை.

மற்றைய கட்சியினர் களிப்பாளர். அறைக்குள் அடைபட்ட இளைஞரை வெளியே நடக்க வைத்த அற்புதம் என்பது இவர்களது வாதம். இதற்கு விடையைப் பிரித்தானிய மருத்துவ இதழே 2016 டிசெம்பரில் வெளியிட்டுவிட்டது. அமெரிக்க இளைஞரிடையே நடத்திய ஆய்வில், ஆடத் தொடங்கிய முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 955 அடிகள் கூடுதலாக நடந்தவர்கள் ஆறாவது வாரத்திற் பழைய நிலைக்கே திரும்பியிருந்தனர். ஆறு வாரத்து அற்புதம். இதனை ஒரு புறம் வைத்துவிடலாம். வெளியே நடப்பது எல்லோருக்கும் ஒரே பொருளுடையது என்ற இவர்களது எடுகோளே எனக்கு உடன்பாடில்லாதது. கொழுந்துக்கூடையைச் சுமந்து நாள் முழுதும் சரிவுகளில் ஏறி இறங்கும் ஒரு தாய்க்கு, நடந்தால் முட்டை பொரிக்கும் என்று சொல்லிப் பாருங்கள். வெளி அவளுக்கு வேலைத்தளம். அங்கே கற்பனைப் பிராணிகள் தேவையில்லை. அட்டையும் குளவியும் போதும். நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் கம்பித் தடத்தில் அகப்பட்ட சிறுத்தைகள் பற்றிய செய்தியும் புதிதன்று.

வெளி என்பது யாருக்குரியது என்ற கேள்வியும் உண்டு. தோட்டத்துப் பாதை ஊர்ப் பாதை போன்றதன்று. 1920களில் தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பிய கோ. நடேசையர், வெளியார் நுழையத் தடையிருந்தமையால் புடவை வியாபாரி போல வேடமிட்டே உட்புகுந்தார். அத்துமீறல் என்ற சொல் தோட்டச் சரித்திரத்தில் விளையாட்டுச் சொல்லன்று. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தில் 1946இல் தொழிலாளர் தாம் வாழ்ந்த இடத்திலேயே அத்துமீறியவராக்கப்பட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் காணி அரசுடைமையானது. 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளுக்குச் சென்றது. கைமாறிய இத்தனை தடவைகளிலும், பாதையில் நடப்பவன் அதற்கு உரியவனா என்பது மாத்திரம் தீர்க்கப்படவில்லை. இந்நிலத்தில் ‘வெளியே போய் விளையாடு’ என்பது சொல்வதற்கு எளிது.

இனி, இரு கட்சியினரும் தொடாத இடத்துக்கு வருவோம். இவ்விளையாட்டின் உயிர்நாடி வரைபடம். நியான்ரிக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜோன் ஹங்கே அதற்கு முன்பே வரைபடத் தொழிலர்; அவரது பழைய கம்பனியைக் கூகிள் 2004இல் வாங்கியது, அதன் பணியே கூகிள் ஏர்த் ஆனது. ஆட்டத்திற் பொருள் வழங்கும் நிறுத்தங்களும் மோதற் களங்களும் எங்கே அமைய வேண்டும் என்பது பெரிதும் ‘இன்கிரெஸ்’ என்ற அந்நிறுவனத்தின் முந்திய விளையாட்டை ஆடியோர் முன்மொழிந்த இடங்களைக் கொண்டு தீர்மானிக்கப்பட்டது. அவர்கள் யார்? விலையுயர்ந்த தொலைபேசியும் ஓய்வும் உடைய நகரத்தார். விளைவு அமெரிக்காவிலேயே வெளிப்பட்டது. 2016இல் அங்குள்ள ஓர் ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது, வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் சராசரி 55 இடங்கள் இருக்க, கறுப்பர் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் 19 மாத்திரமே இருந்தன. எவரும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. வரைபவன் தான் நடந்த இடத்தை வரைந்தான்; அவ்வளவே. யப்பானில் ஏறத்தாழ மூவாயிரம் மக்டொனால்ட் கடைகள் காசு கொடுத்து நிறுத்தங்களாகவோ மோதற் களங்களாகவோ ஆயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வரைபடத்தில் இடம்பெறும் இரு வழிகளும் புலனாகும்.

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி நோர்வூட்டில் மஸ்கெலியா நோக்கியும் பொகவந்தலாவை நோக்கியும் பிரிகின்றது. வரைபடத்தில் இவ்விரு கோடுகளும் தெளிவாக உள. அவற்றுக்கு இருபுறமும் பச்சை. அப்பச்சைக்குள் லயங்கள் உள, மாரியம்மன் கோயில்கள் உள, பிள்ளை மடுவம் உண்டு, காமன் பொட்டல் உண்டு. 2017 மே 12 அன்று இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்திற் பேசியபோது ஒரு பிற்பகல் மட்டும் உலகம் இவ்வூரைக் கண்டது. மறுநாள் மீண்டும் பச்சை.

இது விளையாட்டுக் காரியமன்று. பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி, பிந்தியோ பிந்தாமலோ சேரும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கிடைத்த கதை மலையகத்திலிருந்து வந்த மாணவர் எவருக்கும் புதிதாயிராது. நோயாளர் வண்டிக்கு வழி சொல்வதும், மண்சரிவில் எந்த லயம் அகப்பட்டது என்று அறிவிப்பதும் இதே குறையிற் சென்று முட்டும். தொழிலாளர் வாயில் வழங்கும் தோட்டப் பெயர்கள் வேறு, துரைமார் ஏட்டுப் பெயர்கள் வேறு. வரைபடம் ஏறியவை பெரும்பாலும் பின்னவையே. தன் வீடு கோட்டிலும் எழுத்திலும் இல்லாத ஒரு பிள்ளை திரையைத் திறந்து, தான் நிற்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று காண்கின்றது. அப்பிள்ளையைப் பார்த்து, கற்பனை உலகில் வாழ்கின்றாய் என்று கண்டிப்பது எவ்வளவு குரூரமான நகைச்சுவை!

அப்படியாயின் நாமும் இடங்களை முன்மொழிந்து நோர்வூட்டை ஆட்டத்துக்குள் சேர்த்துவிடலாமே என்பர் சிலர். முன்மொழிய வழியுண்டு. தனியார் வதிவிடம் ஏற்கப்படாது, கோயில் ஏற்கப்படும் என்றெல்லாம் விதியுமுண்டு. (லயம் யாருடைய தனியார் வதிவிடம் என்பதை அந்நிறுவனத்தாருக்கு விளக்கப் புகுந்தால் அதுவே ஓர் ஆய்வேடாகும்.) ஆயினும் கூலியில்லாத இவ்வேலையின் பயன் எங்கே சேர்கின்றது என்று பார்க்க வேண்டும். ஆடுவோர் எடுத்தளித்த இடப் படங்களைக் கொண்டு பெரியதொரு புவிசார் செயற்கை அறிவு மாதிரியை உருவாக்குவதாக 2024 நொவெம்பரில் நியான்ரிக் அறிவித்தது. 2025 மார்ச்சில் அதன் விளையாட்டுப் பிரிவு 350 கோடி டொலருக்கு ஸ்கோப்லி என்ற கம்பனிக்கு விலைபேசப்பட்டது. ஸ்கோப்லியோ சவூதி அரசின் முதலீட்டு நிதியத்துக்குரிய குழுமத்தின் உடைமை. ஒரு நாட்டில் மதத்தீர்ப்பாற் பழிக்கப்பட்ட பண்டம் அந்நாட்டு நிதியத்தின் பெட்டிக்கே போய்ச் சேர்ந்தது. ஒழுக்கக் கண்டனத்தின் ஆயுள் இவ்வளவுதான். உடைமையின் ஆயுள் நீண்டது.

வேறொரு வழி இருக்கின்றது. எவரும் வரையவும் எவரும் எடுத்தாளவும் கூடிய திறந்த வரைபடமாகிய ஓப்பன்ஸ்ரீட்மப் 2004 முதல் நடைபெற்று வருகின்றது. வேடிக்கை என்னவெனில், 2017 டிசெம்பரில் போக்கிமான் கோவே கூகிளின் வரைபடத்தை விட்டு இதற்கு மாறியது. பிராணிகள் கூடுதலாகத் தோன்றட்டும் என்று இல்லாத பூங்காக்களை அதில் வரைந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் இருந்தனர். இல்லாத பூங்காவை வரைய அவர்களுக்கு மனம் வந்தது. இருக்கின்ற லயத்தை வரைய நமக்கு மனம் வரவில்லை. திறந்த வரைபடத்தையும் கம்பனி எடுத்துப் பயன்படுத்தத்தானே செய்யும் என்று கேட்கலாம். செய்யும். ஆனால் விற்பனை முடிந்த பின்னும் அவ்வரைபடம் நம்மிடமும் இருக்கும். தபாற்காரரும் நோயாளர் வண்டிச் சாரதியும் அதனைத் திறந்து பார்க்கலாம்.

நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மாணவர் இச்சங்கத்தில் உள்ளனர். கைத்தொலைபேசியின் தீமைகள் பற்றிய கருத்தரங்குக்கு மண்டபம் தேடும் சங்கம், அதற்குப் பதிலாக ஒரு விடுமுறைக்கு அவர்களை ஊருக்கு அனுப்பட்டும். மேட்டு லயம், பணிய லயம், மலைகளின் பெயர், குறுக்குப்பாதை, கோயில், பொட்டல் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு, மக்கள் வழங்கும் பெயராலேயே, தமிழிலேயே பதிவது தொலைபேசி ஒன்றைக் கொண்டே முடியக்கூடிய காரியம். திரையைப் பார்த்தபடி தேயிலைச் சரிவில் ஏறுகையில் எவராவது, ‘இவனும் பூதம் பிடிக்கப் போகிறான்’ என்று ஏசினால், ஏசட்டும். அவருடைய லயத்தின் பெயர் என்ன என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளலாம்.