விசிறியின் முழக்கம்

இரைச்சல் எங்குக் கேட்பினும் அதனை உடனே அடக்கிவிடல் வேண்டுமென விரைதல் நம்மனோர் இயல்பு. அழுகின்ற குழவியின் வாயைப் பொத்துதல் அதன் பசிக்கு மருந்தாகாது என்பதை யாவரும் அறிவர். அறிந்திருந்தும் இயந்திரங்களிடத்து நாம் அவ்வாறே நடந்துகொள்கின்றோம். கணினியின் கிராபிக்ஸ் கார்டிலுள்ள விசிறிகள் அளவு கடந்த வேகத்தோடு சுழன்று முழங்குங்கால் செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதைப்பற்றி என் கருத்தினை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். தமிழ் கற்பானுக்குப் பொறியிடத்து என்ன வேலையென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். பிழை செய்து அதன் பயனை நுகர்ந்தவன் என்னும் உரிமை ஒன்று எனக்கு உண்டு.

என் தமையனார் திருமண நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து, அவற்றைக் கணினியில் தொகுத்துக் கொடுத்து வாழ்க்கை நடத்துபவர். எங்கள் இல்லத்தின் வருவாயிற் பெரும்பகுதி அக்கணினியினின்றே வருவது. சென்ற வேனில் விடுமுறையில் யான் நன்னூற் சூத்திரங்களை உருவேற்றிக்கொண்டிருந்த அறையிலேயே அதுவும் இருந்தது. நான்கு ஆண்டுகள் உழைத்த அதன் கார்டிலுள்ள விசிறிகள் இரண்டும் மாவரைக்கும் மில்லைப்போல் இரையத் தொடங்கின. கடைக்காரர் ஒருவர் கார்டைக் கழற்றியும் பாராமல், "இதன் ஆயுள் முடிந்தது; புதிது வாங்குங்கள்" என்றார். அதற்குரிய பொருள் எங்களிடம் இல்லை. ஒருநாள் இரவு, தமையனார் ஒரு திருமணப் படத்தைத் தொகுப்பிலிட்டு உறங்கச் சென்றபின், யான் மென்பொருள் ஒன்றின் வாயிலாக விசிறிகளின் வேகத்தை நூற்றுக்கு முப்பதாகக் குறைத்து நிறுத்திவிட்டேன். அறை அமைதியாயிற்று, படிப்பும் நன்கு நடந்தது. வைகறையில் நோக்கியபொழுது திரை இருண்டு கிடந்தது. படம் பாதியில் நின்றுவிட்டது. அன்று பிற்பகலே அதனைக் கொடுப்பதாகத் தமையனார் மணமகள் வீட்டாருக்கு வாக்களித்திருந்தார். "தம்பி, இதை நீ தொட்டாயா?" என்று அவர் வினவியபோது யான் தலைகுனிந்து நின்றேன்.

விசிறி தானாக வேகங்கொள்வதன்று. சில்லினுள் அமைந்த உணரிகள் வெப்பத்தை அளக்கின்றன. அவ்வளவிற்கேற்ப இத்துணை வேகத்தோடு சுழல்கவெனக் கார்டின் பயாஸும் டிரைவரும் கட்டளையிடுகின்றன. இக்காலத்துக் கார்டுகள் பல, வேலை குறைந்து வெப்பம் தணிந்திருக்கும்போது விசிறிகளை முற்றிலும் நிறுத்தியே வைப்பன. விசிறியின் வேகம் இருமடங்காயின் காற்றும் இருமடங்காகும். ஆயின் அது கொள்ளும் மின்னாற்றலோ எண்மடங்காகும். இரைச்சலும் ஏறத்தாழ 15 டெசிபெல் உயரும். இத்துணை விலை கொடுத்து ஒரு பொறி காற்றைத் தேடுமாயின், காரணம் ஒன்று இல்லாதிருக்குமோ?

புகையைக் கண்டு நெருப்புண்டெனத் துணிதலை அளவை நூலார் கருதலளவை என்பர். இரைச்சலைக் கேட்டு வெப்பமுண்டெனத் துணிதலும் அத்தகையதே. ஆயின் பனியைப் புகையென மயங்குவாரும் உளராதலின், காட்சியளவையும் உடன் வேண்டும். வெப்பநிலையை எண்ணாற் காட்டும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. முதற்கண் அவ்வெண்ணை நோக்குக. குளிர்ந்திருந்தும் முழங்குகின்றதா, கொதித்து முழங்குகின்றதா என்னும் வினாவிற்கு விடை கண்டபின்னரே அடுத்த அடி எடுத்துவைத்தல் தகும்.

40 அல்லது 45 டிகிரியில் விசிறி முழு வேகத்தோடு சுழலுமாயின் குற்றம் கட்டளையிலுள்ளது. முன்னொருகால் கையால் நிறுத்திய வேகம் அப்படியே விடப்பட்டிருக்கலாம், விசிறியை ஆளும் மென்பொருள்கள் இரண்டு தம்முள் முரணலாம், டிரைவர் பழுதுற்றிருக்கலாம். துணை மின்னிணைப்பு செவ்வனே பொருந்தாதபோதும் சில கார்டுகள் இவ்வாறு முழங்கும். நான்கு கம்பி விசிறியில் கட்டளை தாங்கும் கம்பி அறுபடின், ஏனைய கம்பிகள் செம்மையாயிருக்கும்வரை விசிறி நிற்பதில்லை; முழு வேகத்தோடே சுழலும். ஐயம் நேர்ந்தவிடத்துக் காக்கும் பக்கமே சாய்க என அதனை அமைத்தோர் கருதினர் போலும்.

கொதித்து முழங்குமாயின், சில்லு உழைத்தற்குத் தக்க வேலை உளதா என்று முதலில் வினவுக. வேலையில்லாதபோதும் அது உழைக்குமேல், உடையவன் அறியாமல் நாணயம் தோண்டும் கள்ள மென்பொருள் புகுந்திருத்தலும் கூடும். அடுத்து, மின்னிணைப்பை நீக்கி, விசிறியின் இதழ்கள் சுழலாவண்ணம் பிடித்துக்கொண்டு தூசியை அகற்றுக. பெட்டியின் பக்கமூடியைத் திறந்துவைத்தால் வெப்பம் நன்கு குறையுமாயின், குற்றம் கார்டினுடையதன்று, பெட்டியின் காற்றோட்டத்தினுடையது. அறையின் வெப்பம் 10 டிகிரி உயரின் கார்டின் வெப்பமும் ஏறத்தாழ அவ்வளவே உயருமாதலின், பாளையங்கோட்டையின் மே மாதத்தில் மார்கழி மாதத்து எண்ணை எதிர்பார்த்தல் அறியாமை. இவையெல்லாம் பார்த்தும் பயனின்றேல், சில்லுக்கும் வெப்பம் வாங்கும் உலோகத்திற்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கிறதா என ஆராய்தல் கடைசிப் படி. உத்தரவாதக் காலத்திலுள்ள கார்டைத் தாமே பிரித்தல் தகாது.

விசிறி பழியேற்கக் குற்றம் பிறிதோரிடத்திருந்தமைக்கு உலகறிந்த சான்றும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2022 டிசம்பரில் வெளியிட்ட ரேடியான் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். கார்டுகளுட் சில 110 டிகிரியை எட்டி, விசிறிகள் முழங்கியும் வேகங் குன்றின. வெப்பத்தைக் கடத்தும் ஆவிக்கலத்தினுள் நீர் போதிய அளவு இல்லாமையே காரணமென 2023 ஜனவரியில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. அக்கார்டை வாங்கியவர் விசிறியை அடக்கியிருப்பின் என் செய்திருப்பார்? தம் கார்டு குறையுடையது என்பதையே அறியாதிருப்பார்.

இதன் மறுதலையையும் காண்க. என்விடியா நிறுவனம் 196.75 என்னும் எண்ணுடைய டிரைவரை 2010 மார்ச்சில் திரும்பப் பெற்றது. அது விசிறிகளைச் செவ்வனே ஆளாமையாற் கார்டுகள் மிகை வெப்பமுற்றன. 2015 நவம்பரில் ஏ.எம்.டி.யின் கிரிம்சன் டிரைவர் விசிறியின் வேகத்தைத் தாழ்ந்த எல்லையிற் கட்டிவிட, சில நாளில் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆதலின், முழங்கும் கார்டைக் காட்டிலும் அஞ்சத்தக்கது முழங்கவேண்டியவிடத்து வாளாவிருக்கும் கார்டே என்பது என் துணிபு.

"அங்ஙனமாயின் இரைச்சலைப் பொறுத்தே ஆகவேண்டுமோ?" என்பாருக்கு என் விடை, அன்று என்பதே. இரைச்சலும் ஒரு துன்பந்தான். 2003ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஜீபோர்ஸ் எப்.எக்ஸ். 5800 அல்ட்ரா என்னும் கார்டின் முழக்கத்தை, அதனைச் செய்த என்விடியா நிறுவனமே படமெடுத்து நகையாடிற்று. ஆயின் விசிறியைக் குறைத்தல் வேறு, விசிறியின் தேவையைக் குறைத்தல் வேறு. கார்டு கொள்ளும் மின்னாற்றலுக்கு வரம்பு கட்டலாம். சில்லின் மின்னழுத்தத்தைச் சிறிது தாழ்த்தலாம். சில்லின் இயக்கம் கொள்ளும் ஆற்றல் அழுத்தத்தின் வர்க்கத்திற்கேற்பக் குறையுமாதலின், சிறு குறைப்பும் பெரும்பயன் தரும். திரை நொடிக்கு 60 படங்களே காட்டவல்லதாயின், விளையாட்டினையும் 60-க்கு மேல் வரையாதபடி நிறுத்தலாம். வெப்பம் குறைந்தவிடத்து விசிறி தானே அடங்கும்.

எங்கள் கார்டைத் தமையனாரும் யானும் ஒரு ஞாயிறு பிற்பகலிற் பிரித்தோம். உலோக இதழ்களின் இடையே தூசி கம்பளம்போற் படிந்திருந்தது. பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. சில நூறு ரூபாய்ச் செலவில், 91 டிகிரியில் நின்ற கார்டு 74-க்கு இறங்கிற்று. ஆயுள் முடிந்ததெனப்பட்ட அது இன்றும் எங்களுக்கு உணவளிக்கின்றது. மணமகள் வீட்டார்க்குப் படம் இரண்டு நாள் தாழ்ந்தே சென்றது. தமையனார் கூலியிற் குறைத்துக்கொண்டார். என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. அவர் கடியாமையே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

மாணவ நண்பர்களே, நம் வசதிக்கு இடையூறாயிருக்கின்றது என்னும் ஒரே காரணத்தால் ஓர் எச்சரிக்கையை வாய்மூடச் செய்யாதிருப்போமாக. முதலில் எண்ணை நோக்குக; பின்னர்க் காரணத்தை நாடுக; எளியதை முன்னும் அரியதைப் பின்னும் செய்க. விசிறியை அடக்குதற்கு ஒரு நொடி போதும். அதற்கு முன் அது யாது கூறுகின்றதெனக் கேட்டறியும் பொறுமையே நாம் பயிலவேண்டுவது.