எண்ணெய் என்னும் ஒரு சொல்

செஞ்சிக்கு வருவோர் இராசகிரியின் உயரத்தை அண்ணாந்து பார்த்து வியந்து திரும்புகின்றனர். அதே வட்டத்தைச் சேர்ந்த வல்லம் ஒன்றியத்தின் கடலைக்கொல்லைகளில் இன்று எழும் ஓசையை அவர்கள் கேட்பதில்லை. (வல்லம் என்றதும் தஞ்சையை அடுத்த ஊரை நினைப்பார் உளர். நாம் கூறுவது விழுப்புரம் மாவட்டத்து வல்லம்.) களையெடுக்கும் பவர் வீடர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல் வெட்டும் கருவி ஆகியவற்றின் சிறு பெட்ரோல் என்ஜின்கள் எழுப்பும் ஓசை அது. களையெடுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலத்தில் அவை உழவர்க்குக் கைகளாகிவிட்டன.

தமிழ்த்துறை மலரில் என்ஜினுக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம்.

வல்லத்தில் நம் மாமா ஒருவர் கடன் வாங்கிப் புதிய பவர் வீடர் ஒன்றை வாங்கினார். விற்றவர், "ஆயில் ஊத்திட்டு ஓட்டுங்க பாய்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மாமாவும் ஊற்றினார், பெட்ரோல் தொட்டியில்! அரை மணி நேரம் ஓடிய பொறி கிறீச்சிட்டு நின்றது. இழுகயிறு அசைய மறுத்தது. பட்டறைக்காரர் திறந்து பார்த்து, "உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை, சீஸ் ஆயிடுச்சு" என்றார். பாதி விலை பழுதுக்கே போயிற்று.

மாமாவை அறியாதவர் என்று கூறிவிட முடியாது. அவர் பல ஆண்டுகள் டி.வி.எஸ். 50 ஓட்டியவர். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்த அந்த வண்டியும் அதன் வழித்தோன்றல்களும் டூ ஸ்ட்ரோக் வகையின. அவ்வகையில் எரிபொருள் கிராங்க் அறையின் வழியாகவே செல்வதால், பெட்ரோலில் கலந்த எண்ணெய் போகிற போக்கில் உறுப்புகளை நனைத்துச் செல்லும். பெட்ரோல் பங்கில் ஆயில் கலந்து வாங்கிய தலைமுறை அது. 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டது. பவர் வீடர்களிலும் பெரும்பாலானவை அவ்வகையே. இங்கே பெட்ரோல் வேறு, எண்ணெய் வேறு. கிராங்க் அறையின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்க, இணைப்புத் தண்டின் கீழ்முனை அகப்பைபோல் அதனை வாரி இறைக்கிறது. புதிய என்ஜின் பெரும்பாலும் எண்ணெய் இன்றியே பெட்டியில் வருகிறது. வாங்கியவரே ஊற்ற வேண்டும். நூற்று அறுபது, இருநூறு சி.சி. அளவுள்ள என்ஜினுக்கு ஏறத்தாழ 600 மி.லி. போதும். அந்த 600 மி.லி. இல்லாமல்தான் மாமாவின் பணம் போயிற்று.

எள்ளின் நெய் எண்ணெய் என்று வகுப்பில் புணர்ச்சி இலக்கணம் நடத்துகிறோம். கடலையின் நெய்யும் எண்ணெய், மண்ணிலிருந்து வந்ததும் எண்ணெய், டூ ஸ்ட்ரோக்கில் கலப்பதும் ஆயில், ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றுவதும் ஆயில். ஒரே சொல் இத்தனை பொருளைச் சுமக்கும்போது, "எங்கே ஊற்றுவது" என்ற ஒரு தொடர் சேர்ந்திருந்தால் பொறி பிழைத்திருக்கும். அத்தொடர் கையேட்டில் இருந்தது, ஆங்கிலத்தில்! "நீங்க எம்.ஃபில். படிச்சவராச்சே தம்பி, இதுல என்னதான் போட்டிருக்கு?" என்று மாமா நம்மிடம் நீட்டினார். அகராதியின் துணையோடு படித்துப் பொருள் கூற நமக்கே ஒரு மாலைப்பொழுது ஆயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அதில் கண்டவை அரியன அல்ல. சமதரையில் நிறுத்தி, இயக்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவுகுச்சி பொய் சொல்லும். முதல் 20 மணி நேர ஓட்டத்திற்குப் பின் எண்ணெயை மாற்ற வேண்டும். புதிய உறுப்புகள் உரசி உதிர்த்த துகள்கள் அதில் கலந்திருக்கும். காற்று வடிகட்டியைத் தூசு தட்ட வேண்டும். கடலைக்கொல்லைப் புழுதியில் இது முதன்மையானது. குளிர்ந்த என்ஜினுக்குச் சோக்கை மூடி இழுத்து, ஓடத் தொடங்கியதும் மெல்லத் திறக்க வேண்டும்.

கையேடு சொல்லாத செய்தியும் ஒன்று உண்டு. நம் பெட்ரோல் மாறிவிட்டது. 2022-இல் நாடு பத்து விழுக்காடு எத்தனால் கலப்பை எட்டியது. 2025-இல் அது இருபதாயிற்று. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். கார்த்திகைப் பட்டத்தில் ஓட்டிய பொறியை ஆடிப் பட்டம் வரை பெட்ரோலோடு மூலையில் போட்டு வைப்பது நம் வழக்கம். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளையை அடைத்துவிடும். பின்னர் கயிற்றை இழுத்துத் தோள் நோவதுதான் மிச்சம். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, தொட்டியையும் வடித்துவிட்டால் இத்தொல்லை இல்லை. இவற்றினும் மேலான எச்சரிக்கை ஒன்றுண்டு. கோடையில் நீர் கீழிறங்கும்போது பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது உயிர்க்கே கேடு. அப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவற்றைத் தமிழில் எழுத இயலாதா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் கிரீன் அறுவை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கி 2017-இல் மறைந்த மணவை முஸ்தபா, அறிவியல் கலைச்சொற்களைத் தொகுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். அவர் திரட்டிய செல்வத்தை நாம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். மொழிபெயர்ப்பியல் தாளுக்கு மாணவர்கள் ஆங்கிலச் சிறுகதைகளையே ஆண்டுதோறும் பெயர்க்கின்றனர். அவற்றுள் ஒன்றையேனும் விடுத்து ஒரு கையேட்டைப் பெயர்க்கச் சொல்லலாம் என்பது நம் கருத்து. மானிய விலையில் பொறி பெறும் உழவர் ஒவ்வொருவர் கையிலும் தமிழில் ஒரு தாளேனும் சேர வேண்டும். இது சலுகை அன்று, உரிமை.

நாமே ஒரு பக்கம் எழுதி மாமாவிடம் காட்டினோம். முதல் வரியில் "உயவெண்ணெய்" என்று எழுதியிருந்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தவர், "இது எந்தக் கடையில கிடைக்கும் தம்பி?" என்று கேட்டார். அடித்துவிட்டு "என்ஜின் ஆயில்" என்று எழுதினோம். பக்கத்திலேயே, ஊற்றும் துளையைப் படமாகவும் வரைந்து வைத்தோம்.