ஒற்றை லைனில் தொங்கும் ஊர்

மின்கம்பத்தில் தொங்கும் கேபிள்களுக்கு இது கெட்ட காலம். 2025 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத் தேரில் மின்சாரம் பாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கம்பங்களில் கிடந்த இன்டர்நெட் கேபிள்களை மின்வாரியத்தார் கத்தை கத்தையாக அறுத்துத் தள்ள, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதைப் பார்த்து நம் பக்கத்திலும் ‘எல்லாத்தையும் மண்ணுக்குள்ள புதைங்கப்பா’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேபிள் டி.வி. காலத்திலிருந்து குச்சனூர் பக்கம் லைன் இழுத்துப் பிழைப்பவன் நான். என்னைக் கேட்டால், முழுக்கப் புதைக்கவும் கட்டுப்படியாகாது, முழுக்கத் தொங்கவிடவும் கூடாது.

இந்தத் தொழிலில் கண்ணாடி இழை மலிவு. பள்ளம்தான் விலை. தொலைபேசித் துறை வழக்கப்படி புதைக்கும் கேபிள் 1.65 மீட்டர் ஆழத்தில் போக வேண்டும். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கருக்கும் தண்ணீர் கொண்டுபோகிற வாய்க்கால்கள் ஊருக்கு ஊர் குறுக்கே ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் தாண்ட ஓர் அனுமதி, ரோட்டோரம் தோண்ட இன்னொரு அனுமதி, அறுத்த ரோட்டைத் திரும்பப் போடப் பணம். கம்பத்தில் கட்டுவதென்றால் ஓர் ஏணி, இரண்டு ஆள். தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கேபிள் கொண்டுபோகும்போது பெரும்பகுதியை மின்கம்பம் வழியாகவே எடுத்ததற்கும் காரணம் இந்தக் கணக்குதான். குச்சனூர் பேரூராட்சி என்பதால் அந்தப் பட்டியலிலேயே வராது. இங்கே எங்களைப் போன்ற ஆட்கள்தான் கதி.

தொங்குவதற்கும் விலை உண்டு. அறுவடை முடிந்தால் வைக்கோல் லோடு லாரி, காற்றடித்தால் தென்னை மட்டை, மற்ற நாளெல்லாம் அணில். ஆடிக் காற்றில் கேபிள் ஆடி ஆடிக் கிளாம்ப் இருக்கும் இடத்தில் நைந்துபோகும். இதைவிட மோசம், விலை குறைவு என்று இரும்புக் கம்பி வைத்த கேபிளை மின்கம்பத்தில் கட்டுவது. அது அறுந்து மின்கம்பி மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உலோகமே இல்லாமல், தன் எடையைத் தானே தாங்கும் கேபிள் சந்தையில் கிடைக்கிறது. மின்கம்பத்தில் அதைத் தவிர வேறு எதையும் கட்டவிடக் கூடாது. வாரியத்தார் கத்தி எடுப்பதாக இருந்தால் முதலில் இந்த இரும்பு கேபிளில் வைக்கட்டும்.

ஆனால் எங்கள் தொழிலின் உண்மையான சீக்கு கம்பத்தில் இல்லை, கப்ளரில் இருக்கிறது. பழைய கேபிள் டி.வி.யில் சில நூறு மீட்டருக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். ஃபைபரில் அந்த வம்பு கிடையாது. ஒரே இழையில் வரும் ஒளியைப் பிரித்து 32 வீட்டுக்கும், 64 வீட்டுக்கும்கூடக் கொடுக்கலாம். 20 கிலோமீட்டர் வரை நடுவில் கரண்டே வேண்டாம். பிரிப்பதில் இரண்டு வழி உண்டு. தெரு முனையில் பெட்டி வைத்து, எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு வீட்டுக்கு வீடு தனி இழை இழுப்பது ஒன்று. ரெண்டு கோர், அதாவது ரெண்டு இழை உள்ள கேபிள் ஒன்றைத் தெரு நெடுக ஓடவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் கப்ளர் போட்டு, நூறில் பத்து பங்கு ஒளியை இங்கே இறக்கி மீதித் தொண்ணூறை அடுத்த கம்பத்துக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதில் கேபிள் மிச்சம். அதனால் ஊரெல்லாம் அதுதான்.

போட்ட அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஒளியின் பவர் மைனஸ் இருபது டிபிஎம்மையொட்டிக் காட்டும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் கழித்து நடுத்தெருவில் ஒருவர் புது கனெக்‌ஷன் கேட்பார். லைனை அறுத்து, இன்னொரு கப்ளரைச் சொருகி, ஸ்பிளைசிங் மெஷினில் இழையை ஒட்ட வேண்டும். அதுவரை அதற்கப்பால் உள்ள வீடுகளுக்கு நெட் கிடையாது. ஒட்டிய பிறகும் தெருக்கோடி வீட்டுக்கு ஒளி குறைந்திருக்கும். மூன்று டெசிபல் குறைந்தால் பாதி ஒளி போயிற்று என்று அர்த்தம். மைனஸ் 27, 28-க்குக் கீழே இறங்கினால் மோடத்தில் சிவப்பு லைட் மினுக்கும். “அண்ணே, நாங்க என்னண்ணே பண்ணினோம், எங்களுக்கு ஏன் போச்சு?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆடிச் சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் சனீஸ்வரர் கோயிலைச் சுற்றி எள் தீபக் கடை, பூக்கடை, சாப்பாட்டுக் கடை என்று புதிதாக முளைக்கும். அத்தனை கடையிலும் க்யூஆர் அட்டை இருக்கும். கூட்டம் நெருக்கினால் செல்போன் டவர் திணறும். ஒரு மாதத்துக்கு மட்டும் லைன் கேட்பார்கள். ஸ்பிளிட்டர் பெட்டியில் இரண்டு போர்ட் காலியாக இருந்தால் அரை மணி நேர வேலை. கப்ளர் லைனில் கொடுக்க வேண்டுமானால் கோயில் வீதி முழுக்க நெட்டை நிறுத்த வேண்டும். பெட்டி முறைக்காக ஆறு கோருக்குப் பதிலாகப் பன்னிரண்டு கோர் இழுத்தால் கூடும் விலை, ஏணி வைத்துக் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. இருந்தும் நம்மவர்கள் அந்த ஆறில்தான் சிக்கனம் பிடிப்பார்கள்.

ஒரே லைனை நம்பக் கூடாது என்ற இதே பாடத்தை மத்திய அரசாங்கமும் பெரிய அளவில் படித்திருக்கிறது. 2011-ல் அமைச்சரவை ஒப்புதல் பெற்று, பின்னாளில் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தில், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிகளுக்கு ஒற்றைக் கோடாக லைன் போட்டார்கள். நடுவில் ஜேசிபி ஒரு கொத்துக் கொத்தினால் அப்பால் உள்ள ஊரெல்லாம் இருட்டு. 2023-ல் ஏறக்குறைய 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்து, வளையமாக மாற்றச் சொன்னார்கள். வளையம் என்றால் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக வரும். குச்சனூருக்கு இன்றும் எனக்குச் சின்னமனூர் பக்கமிருந்து ஒரே லைன். போடி பக்கமிருந்து இன்னொன்று இழுத்தால் வளையம் கிடைக்கும். ஆனால் நான் ஒருவனே அவ்வளவு தூரம் தோண்டினால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

தெருவுக்குள் வீடு வரை போகும் ஒயர் தொங்கிவிட்டுப் போகட்டும். அறுந்தால் ஒரு வீடு. ஊருக்கு வரும் லைன் மண்ணுக்குள் போக வேண்டும். அதற்குப் புதிதாகப் பள்ளம் தேவையில்லை. குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் ரோட்டை எப்படியும் தோண்டுகிறார்கள். மூடுவதற்கு முன் 40 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காலியாகப் போட்டுவிட்டால் போதும். பின்னால் எப்போது வேண்டுமானாலும் காற்றழுத்தத்தில் கேபிளை உள்ளே செலுத்தலாம். பழசை உருவிப் புதுசும் போடலாம். குழாய் பேரூராட்சியின் சொத்தாக இருக்கட்டும், மீட்டருக்கு இவ்வளவு என்று வருட வாடகை வசூலிக்கட்டும். பெரிய கம்பெனி ஒன்றுக்கு மட்டும் ஒட்டுமொத்தமாக எழுதிக் கொடுக்காமல், கேட்கும் எல்லோருக்கும் ஒரே வாடகைக்கு விட வேண்டும். வாடகை கட்ட நான் தயார். அடுத்த குழாய் வேலைக்கு எஸ்டிமேட் போடும்போதே இதையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். ரோடு மூடிய பிறகு சேர்க்க முடியாது.