பழைய காரை எடைக்குப் போடச் சொல்லும் கணக்கு

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இந்தக் குரல் பழக்கமா இருக்கும். "பழைய பட்டுப்புடவை வாங்கறதே... ஜரிகை வாங்கறதே..." பாட்டியோட கல்யாணப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தா, அந்த ஆள் முதல்ல பார்க்கறது ஜரிகையைத்தான். கோர்வை போட்ட புடவையா, எத்தனை நாள் தறியில இருந்துச்சு, இதெல்லாம் அவர் கணக்குல வராது. எரிச்சா எவ்வளவு வெள்ளி தேறும், அவ்வளவுதான் கேள்வி.

நம்ம மோட்டார் வாகன விதிகளும் பழைய காரை இதே கண்ணாலதான் பார்க்குதுங்கறது என் கட்சி. திட்டறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

விஷயம் எங்க சித்தப்பாவால ஆரம்பிச்சது. அவருக்கு ரொம்ப நாளா ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரி ஒண்ணு வாங்கி, தானே ரெடி பண்ணி ஓட்டணும். வெளிநாட்டுலேர்ந்து இறக்குமதி பண்ற வசதியெல்லாம் கிடையாது. ஸோ, நம்ம ஊர் வழியைப் பிடிச்சார்: ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

இது மட்டமான மாற்று இல்லீங்க. 1962ல இங்கிலாந்துல வந்த ஸ்பிட்ஃபயர், ஹெரால்டோட சேசிஸைக் குட்டையாக்கி மேல ரெண்டு பேர் உட்கார்ற பாடி வச்சு செஞ்ச வண்டிதான். ரெண்டையும் வரைஞ்சது ஒரே ஆள், இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலொட்டி. அந்த ஹெரால்டை 1961லேர்ந்து நம்ம வண்டலூர்ல செஞ்சாங்க. 2019ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆகற வரைக்கும் வண்டலூர் காஞ்சிபுரம் மாவட்டம்தான். அதனால எங்க ஊர் கார்னு உரிமையோட சொல்லிக்கறேன்.

ரெடி பண்றதுக்கும் நல்ல வண்டி. சேசிஸ் தனி, மேல பாடியைப் பகுதி பகுதியா போல்ட் போட்டு முடுக்கியிருப்பாங்க. பானெட்டை முன்பக்கமா முழுசாத் தூக்கிட்டா டயர் மேல உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். ஆனா தெரிஞ்ச மெக்கானிக் வேணும். முன்சக்கரம் திரும்பற இடத்துல 'ட்ரன்னியன்'னு ஒரு பாகம் இருக்கு. அதுக்கு கிரீஸ் இல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போடணும். இது தெரியாதவர் கையில மாட்டினா அந்த இடம் தேய்ஞ்சு, துருப்பிடிச்சு, ஒருநாள் உடைஞ்சு சக்கரம் மடங்கிடும். இந்த மாதிரி விஷயமெல்லாம் கை வழியாத்தான் அடுத்த ஆளுக்குப் போகும்.

சரி, கஷ்டப்பட்டு வண்டியை ரெடி பண்ணியாச்சு. இப்ப சட்டம் ரெண்டு கதவு காட்டுது.

முதல் கதவு, 2021 ஜூலையில வந்த வின்டேஜ் விதி. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். நல்லதுதானேன்னு தோணும். ஆனா அந்த வண்டியை எதுக்கெல்லாம் ரோட்டுல எடுக்கலாம்? கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, அப்புறம் பெட்ரோல் போடறதுக்கு. பெட்ரோல் போட எடுத்துட்டுப் போகலாம், போட்ட பெட்ரோலை எங்க போய் செலவு பண்றதாம்?

ரெண்டாவது கதவு, சாதாரண ஆர்.சி.யையே 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கறது. 2022க்கு முன்னாடி இதுக்கு 600 ரூபாய். அந்த வருஷம் ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின கார்னா 10,000 ஆச்சு. நோக்கமே "இந்தப் பழசையெல்லாம் ஒழிச்சுக்கட்டு"ங்கறதுதான்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. 49 வயசுல அந்தக் கார் ஒழிக்கப்பட வேண்டிய குப்பை. 50 முடிஞ்சா காப்பாத்தப்பட வேண்டிய பாரம்பரியம். இடையில காருக்கு என்ன ஆச்சு? காலண்டர் கிழிஞ்சது, அவ்வளவுதான். அதே வண்டலூர்ல 1985லேர்ந்து 1988 வரைக்கும் ஸ்டாண்டர்ட் 2000னு ஒரு கார் செஞ்சாங்க. ரோவர் எஸ்டி1 பாடிக்குள்ள பழைய வேன்கார்டு இன்ஜின். கொஞ்சம்தான் செஞ்சாங்க, அதோட கம்பெனியே காருக்கு முழுக்குப் போட்டுடுச்சு. 1986ல பதிவான ஒண்ணு பாரம்பரியம் ஆக 2036 வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள எத்தனை வண்டி இரும்புக்கடைக்குப் போகும்?

"புகை விடுமே"ன்னு கேப்பீங்க. நியாயம். கார்புரேட்டர் வண்டி, புதுக்கார் அளவுக்கு சுத்தமா ஓடாதுதான். அப்ப புகையை அளங்க. பிரேக்கை சோதிங்க. ஃபெயில் ஆனா ரோட்டுல விடாதீங்க. நான் கேக்கறது சலுகை இல்ல, பரிசோதனை. ஜெர்மனியில 1997லேர்ந்து இப்படித்தான். 30 வருஷம் ஆன வண்டியை நிபுணர் நேர்ல பார்த்து, நல்லா பராமரிச்சிருக்கு, அசலா இருக்குன்னு சொன்னா நம்பர் பிளேட்டுல 'எச்' எழுத்து சேர்ந்து வரும். அப்புறம் தினமும் ஓட்டிக்கலாம்.

"நெசவாளிக்கே கூலி கட்டலை, பணக்காரன் விளையாட்டுக்கு வக்காலத்தா?"ன்னு ஒரு கேள்வி வரும். எங்க ஊர்ல வந்தே தீரும். ஆனா இந்த 10,000 ரூபாயால பணக்காரனுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் கட்டிட்டு, காரை உறை போட்டு மூடி வச்சுடுவான். அடி வாங்கறது எங்க சித்தப்பா மாதிரி ஆளும், டிங்கரிங், லேத், கார்புரேட்டர் வேலை தெரிஞ்ச வயசான மெக்கானிக்குகளும்தான். தறி நின்னா நெசவு மறந்துபோகும்னு சொல்ற ஊருக்கு இதைத் தனியா விளக்கணுமா?

வரதராஜர் கோயில் குளத்துக்குள்ள இருக்கற அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வர்றார். 2019ல 48 நாள் ஊரே திரண்டு பார்த்தோம். அவர் அத்தி மரம், தாங்குவார். ஹெரால்ட் இரும்புங்க. நிறுத்தி வச்சா டேங்க்குல பெட்ரோல் கெடும், பிரேக் சிலிண்டர் பிடிச்சுக்கும், அடியில துரு தின்னும்.

பட்டுப்புடவையை பீரோவுல வச்சுட்டு மறந்துட்டா மடிப்பு மடிப்பா விட்டுப்போகும்னு எங்க பாட்டி அப்பப்ப எடுத்துப் பிரிச்சு, மாத்தி மடிப்பாங்க. நல்ல நாள்ல கட்டிக்கவும் செய்வாங்க. கட்டினதாலதான் அது இன்னும் புடவையா இருக்கு. எடைக்குப் போயிருந்தா எப்பவோ வெள்ளியா ஆகியிருக்கும்.

காரோட வயசைக் கேக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை பானெட்டைத் தூக்கிப் பாருங்க. கேக்கறது அவ்வளவுதான்.